எஃப்சிக்கு அடித்த கறுப்பு பெயிண்ட் ஏன் உரிந்தது: ஒரு 2006 சான்ட்ரோவின் வெளிப்புற பிளாஸ்டிக் வேலை

வண்டி 2006 மாடல் சான்ட்ரோ ஜிங், வெள்ளை நிறம், சித்தப்பாவுடையது. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்த வண்டி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தாம்பரத்திலேயே இத்தனை வருஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் ஷெட் கிடையாது. காலையிலிருந்து மாலை வரை வெயில், மீதி நேரம் பக்கத்து வீட்டு வேப்பமரம் கொட்டுகிற இலை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, பாடியும் பரவாயில்லை. ஆனால் வைப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பலகை (கௌல் பேனல் என்பார்கள்), கதவின் நடுவில் ஓடும் சைடு மோல்டிங், சைடு மிரரின் மூடி, கதவுக் கைப்பிடிகள், கூரையின் இரண்டு ஓரத்திலும் ஓடும் கறுப்புப் பட்டை என்று வெளியே கறுப்பாக இருக்கும் எல்லாமே பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டிக்கு ஏதோ தோல் வியாதி.

இது கம்பெனி பெயிண்ட் இல்லை. 2021-இல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டி வந்தது. அப்போது காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாய்தான், 5,000 ஆனது 2022 ஏப்ரலில். ஆக, அரசாங்கத்துக்குக் கட்டியது கொஞ்சம், பெரிய செலவு டிங்கரிங், பெயிண்டிங்குக்குத்தான். அதற்கான எஃப்சிக்கு (வண்டி ஓடத் தகுதியானதா என்ற பரிசோதனை) வண்டி காட்டுவதற்கு முன்னால் பெயிண்ட் அடிப்பது நம் ஊரில் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்: அடிபட்ட இடத்தில் பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் தேய்த்து, ஒரே மூச்சில் ஸ்ப்ரே அடித்து, பளபளவென்று நிறுத்தி, இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போகிறவரை தாங்கினால் போதும் என்ற கணக்கு. இரும்பில் அடித்தது இன்னும் நன்றாகவே இருக்கிறது. கடைசியில் மிச்சம் இருந்த கறுப்பைத் தின்னர் விட்டு, கழற்றாமலே பிளாஸ்டிக் மேலெல்லாம் ஒரு ஓட்டு ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாவது கோடையிலேயே உரிய ஆரம்பித்துவிட்டது. இப்படிச் செய்கிற பட்டறை அது ஒன்று மட்டும் இல்லை, கேட்ட காசுக்குச் செய்த வேலை, அவ்வளவுதான்.

சித்தப்பா சொன்னது: "மேலயே இன்னொரு கோட் நல்ல பெயிண்டா அடிச்சுட்டா போச்சு, இதுக்குப் போய் என்னடா நோண்டிக்கிட்டு இருக்க." பெயிண்ட் மட்டம், அதனால் உரிந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே நாளில் அதே ஆட்கள் அடித்த வெள்ளை, பானெட்டில் அசையாமல் நிற்கிறதே.

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தது

உரிந்த பெயிண்டைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். விஷயம் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும். துண்டின் அடியில் பிரைமர் (பெயிண்டுக்கு முன்னால் பிடிப்புக்காக அடிக்கும் அடிப்பூச்சு) நிறம் தெரிந்து, பிளாஸ்டிக் மொட்டையாக நின்றால், பிரைமரே பிளாஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக்கில் பிரைமர் தங்கி மேல் கறுப்பு மட்டும் வந்திருந்தால், இரண்டு கோட்டுக்கும் நடுவில் தகராறு: பிரைமரைத் தேய்க்காமல் விட்டிருக்கலாம், அல்லது ரொம்ப நாள் காயவிட்டு அடித்திருக்கலாம். துண்டாக வராமல் விரலில் மாவாக ஒட்டினால் அது வெயில் தின்றது, பெயிண்டே செத்துவிட்டது.

இந்த வண்டியில் கௌல் பேனலில் இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தாளாக வந்தது. அடிப்பக்கம் கறுப்புதான், பிரைமரே கிடையாது. இன்னொன்றும் தெரிந்தது: பிளாஸ்டிக்கின் மேல் அச்சில் வந்த சொரசொரப்பு உண்டல்லவா, அதன் வரிகள் அப்படியே அச்சு எடுத்த மாதிரி துண்டின் அடியில் பதிந்திருந்தன. அதாவது பெயிண்ட் எல்லாக் குழியிலும் போய் உட்கார்ந்திருக்கிறது, காய்ந்திருக்கிறது, ஆனால் எங்கேயும் ஒட்டவில்லை. தேய்த்த கீறல் ஒன்றுகூட அதில் இல்லை. சைடு மிரர் மூடியில் கதை வேறு. அங்கே ஓரங்களில் மட்டும் உரிந்திருந்தது, நடுவில் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஒரே பெயிண்ட், ஒரே ஆள், ஒரே நாள். அப்படியானால் வித்தியாசம் அடியில்தான் இருக்க வேண்டும்.

கழற்றித் திருப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் முதுகில் அம்புக்குறி மாதிரி இரண்டு அடைப்புக்குள் அது என்ன ரகம் என்று அச்சிலேயே வார்த்திருப்பார்கள். கௌல் பேனலிலும் மோல்டிங்கிலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், கூடவே டி20 என்று எழுதியிருந்தது (இருபது சதவீதம் டால்க் பொடி கலந்தது என்று அர்த்தம்). மிரர் மூடியில் ஏபிஎஸ். விவகாரம் மொத்தமும் இந்த இரண்டு எழுத்துக்கும் மூன்று எழுத்துக்கும் நடுவில்தான். ஏபிஎஸ் பெயிண்டோடு ஒத்துப்போகிற பிளாஸ்டிக், தின்னர் பட்டால் மேல்தோல் கொஞ்சம் இளகி பெயிண்டைக் கவ்விக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் எதையும் சேர்க்காது. அதன் மேற்பரப்பு ஆற்றல் சுமார் 30 மில்லிநியூட்டன்/மீட்டர், ஏபிஎஸ்ஸுக்கு அது 40-ஐ ஒட்டி வரும். அந்தக் குறைந்த ஆற்றலில் பெயிண்ட் பிடித்து நிற்க முடியாது. வீட்டில் உடைந்த பக்கெட்டைச் சாதாரண பசையால் ஒட்ட முடியாததற்கும் இதே காரணம்தான். பம்பர் செய்கிற ஆலைகளில் பெயிண்டுக்கு முன்னால் நெருப்புச் சுவாலையை வேகமாக ஓட்டி மேற்பரப்பை மாற்றுவார்கள், அல்லது குளோரினேட்டட் பாலியோலிஃபின் கலந்த பிரைமர் அடிப்பார்கள். பட்டறையில் இரண்டும் நடக்கவில்லை.

எழுத்து தேய்ந்து போயிருந்தால், ஓரத்தில் ஒரு சின்னச் சீவலை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்: மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், மூழ்கினால் ஏபிஎஸ் என்று. வெறும் பாலிப்ரொப்பிலீனுக்குச் சரி, டால்க் கலந்தது மூழ்கிவிடும். அதனால் மிதந்தால் நம்பலாம், மூழ்கினால் நம்பக்கூடாது.

இது போதாதென்று வெயிலில் வெளுத்ததை மறைக்கச் சித்தப்பா வருஷக்கணக்காக டாஷ்போர்டு பாலிஷை இந்தக் கறுப்பு பாகங்களில் பூசி வந்திருக்கிறார். பளபளவென்று இருக்கும், ஆனால் அதில் இருப்பது சிலிக்கான் எண்ணெய். அதன் மேல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் சுருங்கி விலகும். பெயிண்டர்கள் ஃபிஷ் ஐ என்று திட்டிக்கொண்டே சொல்வது இதைத்தான். ஆக பிடிக்காத பிளாஸ்டிக், அதன் மேல் எண்ணெய், அதன் மேல் பிரைமர் இல்லாத பெயிண்ட். இரண்டு வருஷம் நின்றதே ஆச்சரியம்.

எதற்கு அடிப்பது, எதற்கு அடிக்கக்கூடாது

சாமான் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகமாக உட்கார்ந்து யோசித்தோம். என் கட்சி இதுதான்: வார்த்தபோதே கறுப்பாக வந்த பிளாஸ்டிக்குக்கு முடிந்தவரை பெயிண்டே அடிக்கக்கூடாது. அடித்த நாளிலிருந்து அது பராமரிக்க வேண்டிய பொருளாகிவிடும், கல் பட்டால் புள்ளி தெரியும், ஓரம் தூக்கும். அடிக்காமல் விட்டால் வெளுக்கும், அவ்வளவுதான், வெளுத்ததை மீட்க வழி உண்டு.

அதனால் சைடு மோல்டிங்கைச் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்காகவே விடுவது என்று முடிவு. கதவுக் கைப்பிடி நாலையும் தூக்கிப் போட்டுவிட்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவே வாங்கினோம். நகமும் மோதிரமும் தினமும் உரசுகிற இடம், அங்கே எந்தப் பெயிண்டும் நிற்காது, புதுக் கைப்பிடியின் விலையோ பெயிண்டர் கூலியைவிடக் குறைவு. மிரர் மூடி ஏபிஎஸ், அதற்குப் பெயிண்ட். கௌல் பேனல் ரொம்பவே வெளுத்து மேல்தோல் பொரிந்து போயிருந்தது, அதுவும் பெயிண்டுக்கு. கூரைப் பட்டை அப்போதைக்கு நிற்கட்டும், அது கிளிப்போடு உடையும் ஜாதி.

டிக்கிக் கதவில் ஒரு குரோம் பட்டை, எப்போதோ வாங்கி ஒட்டியது. அதுவும் உரிந்திருந்தது. பிளாஸ்டிக் குரோம் பெயிண்ட் மாதிரி இல்லை, ஏபிஎஸ் மேல் செம்பு, நிக்கல், அப்புறம் மெல்லிசாகக் குரோம் என்று உலோக அடுக்கு ஏற்றியது. உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், துணியால் துடைக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். அதை வீட்டில் திரும்ப ஏற்ற முடியாது, வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் அலுமினியச் சட்டி நிறத்தில் இருக்கும். கம்பெனி கொடுத்ததும் இல்லை என்பதால் பிய்த்துப் போட்டாயிற்று, வண்டிக்கு அழகு கூடியதுதான் மிச்சம்.

கழற்றுவதும் சுரண்டுவதும்

கௌல் பேனலைக் கழற்ற முதலில் வைப்பர் கை வர வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் வைப்பர் நிற்கிற இடத்தில் கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி வையுங்கள், திரும்ப மாட்டும்போது அதே கோணம் கிடைக்கும். நட்டைக் கழற்றினாலும் கை வராது, பதினெட்டு வருஷத் துரு. துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டினால்தான் பல்லை விட்டு வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பானெட்டில் பள்ளம் விழும். பேனலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்களில் பாதி தொட்டவுடன் உடையும், அதனால் புது கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேனலைத் தூக்கினால் கீழே ஒரு கூடை வேப்பிலை மக்கிப் போய்க் கிடந்தது, தண்ணீர் வடியும் ஓட்டை இரண்டும் அடைப்பு. மழைக்காலத்தில் முன் சீட்டுக்கு அடியில் கால் மிதியடி நனைவதற்கு ஏசி டியூபைத்தான் சித்தப்பா சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேஸும் அங்கேயே முடிந்தது.

சைடு மோல்டிங் இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டியிருக்கும். பிடித்து இழுத்தால் வளைந்து போகும், அப்புறம் நேராக உட்காராது. தூண்டில் நரம்பை அதன் பின்னால் கொடுத்து இரண்டு கையாலும் ரம்பம் இழுப்பது போல இழுத்தால் டேப் அறுந்து வரும். அதற்கு முன்னால் மேல் விளிம்பை ஒட்டி கதவில் மாஸ்கிங் டேப் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப ஒட்டும்போது கண் அளவை நம்ப வேண்டியதில்லை.

பாலிப்ரொப்பிலீனில் ஒட்டாத பெயிண்டை எடுப்பது சுலபம், ஒட்டாததுதானே நோயே. பிளாஸ்டிக் சுரண்டியால் ஓரத்தைத் தூக்கிவிட்டு, வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரைச் சாய்வாகப் பிடித்தால் பாதி பறந்துவிடும். வரிகளுக்குள் சிக்கியதை வெந்நீரும் நைலான் பிரஷ்ஷும் பார்த்துக்கொள்ளும். பெயிண்ட் ரிமூவர் வேண்டாம், தின்னரை ஏபிஎஸ் பக்கம் கொண்டே போகக்கூடாது, மேல்தோல் வெடித்து மயிரிழை விரிசல் விடும். ஹீட் கன் பிடிக்கிறவர்கள் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஏபிஎஸ் நூறு டிகிரி சுமாரிலேயே தளர்ந்துவிடும், பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி போல உருகும், அதற்கு வெகு முன்னாலேயே வளைந்துவிடும்.

மிரர் மூடியில் ஒட்டி நின்ற பெயிண்டை முழுக்க எடுக்கவில்லை. நகத்துக்கு வராதது தானாக வராது. உரிந்த ஓரங்களை 320 வாட்டர் பேப்பரால் படி தெரியாமல் சரித்து, பிறகு 600-ஆல் மொத்தமும் தேய்த்தால் போதும்.

சுத்தம்

நேரம் அதிகம் போனது இங்கேதான், போகவும் வேண்டும். வரிசை முக்கியம். முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும், அப்புறம்தான் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிலிக்கானைக் கீறலுக்குள் நாமே திணித்துவிடுகிறோம். பாத்திரம் கழுவும் லிக்விடில் ஒரு தடவை நன்றாகக் கழுவி, காய்ந்ததும் பெயிண்ட் கடையில் விற்கிற வாக்ஸ்-கிரீஸ் ரிமூவரால் துடைத்தோம். ஒரு கையில் நனைத்த துணி, இன்னொரு கையில் காய்ந்த துணி, நனைத்தது ஆவியாவதற்குள் காய்ந்ததால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், பழைய பனியன் துணி நல்லது.

அப்புறம் கௌல் பேனலை மெரூன் நிற ஸ்காட்ச்பிரைட்டால் தேய்த்தோம். சொரசொரப்பு உள்ள பிளாஸ்டிக்கில் முரட்டு எமரி பேப்பர் போட்டால் இரண்டு கெடுதல்: அச்சு வரி போய்விடும், அது திரும்ப வராது. பாலிப்ரொப்பிலீன் நார் நாராக எழும்பும், அந்த நார் ஒவ்வொன்றும் பெயிண்டுக்குக் கீழே நிற்கும். தேய்த்து முடித்ததும் திரும்பவும் அதே ரிமூவர், அதே இரண்டு துணி.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள், தண்ணீர் உடையாமல் தாளாக நின்றால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது என்று. ஏபிஎஸ்ஸில் இது ஓரளவு சரியாக வரும். பாலிப்ரொப்பிலீனில் இந்தச் சோதனை ஏமாற்றும், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதன் மேல் தண்ணீர் திரளத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பெயிண்ட்

கடையில் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் நிறைய ஏபிஎஸ் மாதிரி சுலபமான பிளாஸ்டிக்குக்கு மட்டுமே ஆனது. டப்பாவின் பின்னால் பாலிப்ரொப்பிலீன் என்ற பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அட்ஹீஷன் ப்ரொமோட்டர் (பெயிண்டைப் பிளாஸ்டிக்கோடு பிடிக்க வைக்கும் திரவம்) என்று தனியாகவும் வரும், தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். அது மெல்லிசாக ஒரு கோட், இன்னும் ஒன்று, போதும். கெட்டியாக அடித்தால் அதுவே பலவீனமான அடுக்காகிவிடும். அடித்து எத்தனை நிமிஷத்துக்குள் மேல் கோட் அடிக்க வேண்டும் என்பது டப்பாவில் இருக்கும், பத்திலிருந்து முப்பது நிமிஷம் என்பது சாதாரணமாகப் பார்ப்பது. அது தாண்டி டீ குடித்துவிட்டு வந்தால் இன்னொரு கோட் ப்ரொமோட்டர் அடித்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

முன்பக்கத்தில் அடிப்பதற்கு முன்னால் கௌல் பேனலின் முதுகில் ஓர் ஓரத்தில் முழு வரிசையையும் அடித்துப் பார்த்தோம். ஒரு பாதியில் ப்ரொமோட்டரோடு, மறுபாதியில் ப்ரொமோட்டர் இல்லாமல். ஒரு வாரம் விட்டு, புது பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறி, இருபத்தைந்து கட்டத்தின் மேல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தோம். ஆய்வுக்கூடங்களில் ஐஎஸ்ஓ 2409 என்று இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். ப்ரொமோட்டர் இல்லாத பாதியில் கட்டங்கள் அப்படியே டேப்போடு வந்தன. மற்றதில் கீறிய ஓரத்தில் தூள் மட்டும். சித்தப்பா டேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இப்ப அடி," என்றார். அதற்குப் பிறகு ஏன் நோண்டுகிறாய் என்ற கேள்வி வரவில்லை.

கௌல் பேனலுக்கு சாட்டின் (பாதிப் பளபளப்பு) கறுப்பு ஸ்ப்ரே டப்பா, மிரர் மூடிக்கு ஹார்டனர் கலந்த பியு (பாலியூரித்தேன்) கறுப்பு. இரண்டாவதை நாங்கள் வீட்டில் அடிக்கவில்லை. அந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் அதற்கு ஒன்றுமே இல்லை, குழாய் வழியாக வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். தேய்த்து, சுத்தம் செய்து, பிரைமர் வரைக்கும் முடித்துவிட்டுத் தெரிந்த பெயிண்டரிடம் கொடுத்து, அவர் வேறு வண்டிக்கு அடிக்கும்போது சேர்த்து அடித்துத் தரச் சொன்னோம். முழு மேட் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், கைபட்ட எண்ணெய்க் கறை அப்படியே தெரியும், பாலிஷ் போட்டும் எடுக்க முடியாது. சாட்டின்தான் கம்பெனி கறுப்புக்குக் கிட்டே வரும்.

ஸ்ப்ரே டப்பாவில் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று, ஒவ்வொரு ஓட்டும் முந்தையதில் பாதியை மூடும்படி, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் கோட் மூடவே கூடாது, தூவினாற்போல் இருந்தால் போதும். பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. சொரசொரப்பு தெரிகிற வரைக்கும்தான் பெயிண்ட், வரி நிரம்பிவிட்டால் பெயிண்ட் அடித்தது என்று ஊருக்கே தெரியும்.

சென்னையில் பெயிண்டைவிடப் பெரிய தலைவலி காற்றின் ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படியும், கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி வெளிறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடவே வேண்டாம். நாங்கள் மாசி மாதம், வெயில் ஏறி ஈரம் இறங்கிய பிறகு, ஆனால் நிழலில் வைத்து அடித்தோம். வெயிலில் கிடந்த கறுப்பு பிளாஸ்டிக் கையில் தொட முடியாத சூட்டில் இருக்கும், அதில் அடித்தால் பெயிண்ட் போய்ச் சேரும் முன்னாலேயே காய்ந்து தூளாக உட்காரும்.

மோல்டிங்குக்கு ட்ரிம் ரெஸ்டோரர் மட்டும். சிலிக்கான் பாலிஷ் இல்லை, சாயத்தோடு காய்ந்து கெட்டியாகிற ரகம், சுத்தமான பிளாஸ்டிக்கில் தடவி உடனே துடைத்துவிட வேண்டும். ஹீட் கன்னைக் காட்டினாலே வெளுத்தது கறுக்கும், இணையத்தில் நிறைய வீடியோ உண்டு, கறுக்கவும் செய்யும், சில மாதத்தில் திரும்ப வெளுக்கும், நடுவில் திட்டுத் திட்டாகப் பளபளப்பு வேறு.

இப்போது ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் பார்த்தாகிவிட்டது. கௌல் பேனலில் ஒரு ஓரம்கூடத் தூக்கவில்லை, வைப்பர் அச்சைச் சுற்றி மட்டும் உரசிய வளையம் தெரிகிறது. மோல்டிங்குக்கு ரெஸ்டோரர் இன்னொரு தடவை தடவ வேண்டியிருந்தது, வெயில் படும் வலதுபக்கம் முதலில் மங்கியது. இடது மிரர் மூடியில் பார்க்கிங்கில் யாரோ பைக் ஹேண்டிலால் உரசிவிட்டுப் போய்விட்டார்கள், பிளாஸ்டிக் வரைக்கும் கீறல், ஆனால் கீறலின் இரண்டு பக்கமும் பெயிண்ட் உரியாமல் நிற்கிறது. கூரைப் பட்டைதான் பாக்கி. புதிது கிடைக்கவில்லை என்றால் புதுப்பேட்டையில் நல்ல நிலையில் பழையது தேடிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கும் பெயிண்ட் அடிக்கப் போவதில்லை. முதுகில் பிபி என்று இருக்கும்.